மரியாதையா வெளியே வா

வணக்கம் சார்,

கறுப்பினப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் தன் வீட்டு வாசலிலேயே கைதான கதையைப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். நான் பதினான்கு வருடமாக மாசசூசெட்ஸில் இருக்கிறேன். சம்பவம் நடந்த கேம்பிரிட்ஜ் இங்கிருந்து ஒரு மணி நேர டிரைவ்தான். கட்டுரை ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதாகப் பட்டது, அதனால் எழுதுகிறேன்.

யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று போன் வருகிறது, போலீஸ் போகிறது. அது அவர்கள் வேலை. கேட்ஸ் ஐ.டி.யைக் காட்டிவிட்டு ஒரு நன்றி சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் கத்தினார். 'நான் யார் தெரியுமா' என்றார், நம் ஊரில் கவுன்சிலர் மச்சான் சொல்வது மாதிரி. அது ஹார்வர்ட் பேராசிரியர் என்ற திமிர். இதில் இனம் எங்கே வந்தது? அவரைக் கைது செய்த வெள்ளைக்கார சார்ஜென்ட் க்ரௌலி, இனத்தை வைத்துச் சந்தேகப்படக்கூடாது என்று போலீஸ் அகாடமியில் வகுப்பே எடுத்தவர். அவர் மேல் இனவெறி முத்திரை குத்துவது நியாயமா?

இரண்டு வருடம் முன்னால் ரூட் 9-ல் என்னை நிறுத்தினார்கள். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு 'யெஸ் ஆபீசர்' என்றேன். எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். நானும் கறுப்புதான் சார். மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்றுதான் அப்பா வளர்த்தார். என் மகனுக்கு இந்த வருடம் 16 ஆகிறது, லேர்னர்ஸ் பெர்மிட் எடுக்கப்போகிறான். அவனிடம் நான் வேறு என்ன சொல்வது?

அன்புடன்,
ஆர்., வெஸ்ட்பரோ

அன்புள்ள ஆர்.,

'நான் யார் தெரியுமா' விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த வாக்கியத்தை எந்த நிறத்து ஆள் எந்த நாட்டில் சொன்னாலும் எனக்குக் கூசும். நீ யாரோடு மோதுகிறாய் என்று உனக்குத் தெரியாது என்று கேட்ஸ் கத்தியதாக க்ரௌலியின் அறிக்கையில் இருக்கிறது. வெளியே வந்து பேசுங்கள் என்றதற்கு, வெளியே உன் அம்மாவோடு பேசிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாகவும் இருக்கிறது. அம்மாவை இழுத்ததை கேட்ஸ் மறுத்தார். நீங்கள் மறுப்பை நம்பவேண்டாம். அவர் சொன்ன எதையுமே நம்பவேண்டாம். க்ரௌலி எழுதிய அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். போன கட்டுரையில் அதை நான் சரியாகப் பயன்படுத்தவில்லை.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2009 ஜூலை 16, மதியம். கேட்ஸுக்கு அப்போது 58 வயது, கைத்தடி ஊன்றி நடப்பவர். சீனப் பயணம் முடித்து வந்திறங்கினால் வேர் (Ware) தெருவில் இருக்கும் வீட்டின் முன்கதவு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. ஹார்வர்ட் கொடுத்த வாடகை வீடு. காரோட்டி வந்தவரும் அவரும் சேர்ந்து தள்ளித் திறந்தார்கள். தெருவில் பார்த்த பெண் ஒருவர் 911 என்ற அவசர உதவி எண்ணுக்குச் சொன்னார், க்ரௌலி வந்தார்.

இனி அறிக்கை. அதில் ஒரு வரி உண்டு. கேட்ஸ் அந்த வீட்டில் முறைப்படி இருப்பவர்தான் என்று தனக்குப் பட்டுவிட்டதாகவும், ஆனாலும் அவர் தன்னிடம் நடந்துகொண்ட விதம் தனக்கு வியப்பாகவும் குழப்பமாகவும் இருந்ததாகவும் க்ரௌலி எழுதுகிறார். திருட்டு விசாரணை அந்த வரியின் முதல் பாதியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் பாதியில் ஆரம்பிப்பது வேறு விசாரணை. அதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எண் கிடையாது. அமெரிக்கப் போலீஸ் வட்டாரத்தில் அதற்கு ஒரு கேலிப்பெயர் உண்டு: நீதிமன்ற அவமதிப்பு மாதிரி இது போலீஸ்காரர் அவமதிப்பு.

அடுத்து, வெளியே வரச் சொன்னது ஏன்? சமையலறையிலும் முன்கூடத்திலும் எதிரொலி அதிகம், வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லச் சிரமமாக இருந்தது என்கிறார். இருக்கலாம். பழைய மரவீடுகளில் சத்தம் அப்படித்தான் முட்டும். ஆனால் வயர்லெஸ்ஸில் பேசவேண்டியவர் அவர், வாசலுக்குப் போகவேண்டியவரும் அவர் மட்டும்தானே? கேட்ஸ் பின்னாலேயே வந்தார், வாசலில் நின்றும் கத்தினார். பொது அமைதியைக் குலைத்தார் என்று கைது. அந்தப் பிரிவுக்குப் பொது இடமும் பொதுமக்களும் வேண்டும். தன் வீட்டுச் சமையலறைக்குள் நின்று எவ்வளவு கத்தினாலும் அது பொருந்தாது. அறிக்கை மறக்காமல் எண்ணிச் சொல்கிறது: வாசலில் குறைந்தது ஏழு பேர் நின்றிருந்தார்கள், கேட்ஸைப் பார்த்து வியந்து பதறியதாகத் தோன்றினார்கள். இதற்காகத்தான் வெளியே அழைத்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அழைக்காமல் இருந்திருந்தால் கைதுக்கு வழியே இருந்திருக்காது, அவ்வளவுதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது விலங்கு மாட்டிய பிறகு நடந்தது. தடி இல்லாமல் விழுந்துவிடுவேன் என்கிறார் கேட்ஸ், விலங்கு இறுக்குகிறது என்கிறார். க்ரௌலி உடனே இன்னொரு போலீஸ்காரரிடம் சொல்லி, வசதியாக இருக்கட்டும் என்று விலங்கை முன்பக்கமாக மாற்றச் சொல்கிறார். வீட்டுக்குள் போய்க் கைத்தடியைத் தானே எடுத்து வருகிறார். பூட்ட முடியாத வீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போகாமல், அங்கே வந்த ஹார்வர்ட் பராமரிப்பு ஊழியரின் பொறுப்பில் விட்டுப்போவதில் உங்களுக்குத் திருப்திதானா என்று கேட்டுச் சம்மதம் வாங்குகிறார்.

எவ்வளவு பண்பான ஆள்! நான் கிண்டலாகச் சொல்லவில்லை. 1993-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் காவலராக இருந்தபோது, பயிற்சியில் சுருண்டு விழுந்த கறுப்பினக் கூடைப்பந்து வீரர் ரெஜி லூயிஸுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பார்த்தவர் இதே க்ரௌலி. அவரால் கனிவாக இருக்க முடியும். அன்று வேர் தெருவில் அந்தக் கனிவு வெளிவர விலங்கு மாட்டவேண்டியிருந்தது. தடியையும் கதவையும் பற்றிய அதே இரண்டு கேள்விகளைப் பத்து நிமிடம் முன்னால் கூடத்தில் நின்று கேட்டிருந்தால்?

உங்கள் அப்பா சொன்ன பழமொழிக்கு வருகிறேன். மரியாதை என்ற சொல்லை நாம் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? 'மரியாதையா வண்டியை விட்டு இறங்கு.' 'மரியாதையா சொல்றேன், போயிடு.' இதில் மரியாதை எங்கே இருக்கிறது? அடி விழுவதற்கு முந்தைய நிமிடத்துக்கு நாம் வைத்த பெயர் அது. பல வருடம் முன்பு ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டில் இரவு இரண்டு மணிக்கு ஒரு காவலர் என் பையை லத்தியால் தட்டி, 'எங்கடா போற?' என்றார். பத்திரிகை அட்டையை எடுத்ததும், 'தூங்கலையா சார், டீ சாப்பிடறீங்களா?' என்றார். டாவிலிருந்து சாருக்கு வர அவருக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. நான் அதே ஆள், அதே அழுக்குச் சட்டை. அந்த டீயைக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த இடத்தில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. ஹூஸ்டன் நகரத்தில் தன் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்த போலீஸைப் பார்த்து ஒருவர், உன் அளவுக்கு ஒரு ஆளோடு மோதிப் பாரேன் என்று கத்தினார். கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றம் 1987-ல் அந்த நகரச் சட்டத்தையே செல்லாது என்றது. கைதாகிவிடுவோம் என்ற பயமில்லாமல் போலீஸை வாயால் எதிர்க்க முடிவதுதான் சுதந்திர நாட்டுக்கும் போலீஸ் ராஜ்யத்துக்கும் உள்ள முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று என்றது தீர்ப்பு. மாசசூசெட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2004-ல் ஏறக்குறைய இதே மாதிரியான வழக்கில், என் உரிமையை மீறுகிறாய் என்று போலீஸைப் பார்த்துக் கத்துவது மட்டுமே பொது அமைதிக் குலைவு ஆகாது என்றது. ஐந்து நாளில் கேட்ஸ் மீதான வழக்கு வாபஸ் ஆனதற்கு ஹார்வர்ட் செல்வாக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வழக்கு நின்றிருக்காது என்பதும் உண்மை. நன்றி சொல்லாதது அநாகரிகமாக இருக்கலாம். அதற்காக ஒருவரை நான்கு மணி நேரம் பிடித்து வைக்க முடியாது.

சரி, இனம் எங்கே வந்தது? க்ரௌலியின் மனசுக்குள் புகுந்து தேடுவது வீண் வேலை என்று நினைக்கிறேன். அவர் நடத்திய வகுப்பு அவரை நிரபராதி ஆக்காது, அன்றைய கைது அவரை வெறியர் ஆக்கவும் ஆக்காது. வெளியே கிடப்பதைப் பார்க்கலாம். 911 ஒலிப்பதிவை ஜூலை 27 அன்று வெளியிட்டார்கள். அந்தப் பெண் சொல்வது: இரண்டு பேர், இரண்டு சூட்கேஸ். அங்கேயே குடியிருப்பவர்களாகவும் இருக்கலாம், சாவி மக்கர் செய்கிறதோ என்னவோ. வெள்ளையா, கறுப்பா, ஹிஸ்பானிக்கா என்று எதிர்முனைதான் கேட்கிறது. ஒருவர் ஹிஸ்பானிக் மாதிரி இருக்கிறார், உறுதியாகத் தெரியவில்லை என்கிறார். அறிக்கையிலோ, முதுகுப்பை மாட்டிய இரண்டு கறுப்பர்கள் என்று அவர் தன்னிடம் வாசலில் வைத்துச் சொன்னதாக க்ரௌலி எழுதுகிறார். அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அந்தப் பெண்ணின் வழக்கறிஞர். சூட்கேஸ் முதுகுப்பையாக மாறியதை மறதி என்று விடலாம். வீட்டுக்காரன் கையில் சூட்கேஸ், திருடன் முதுகில் பை என்பது எந்த மறதியும் தானாகப் போய்ச் சேருகிற இடமாக இருக்கிறதே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தக் கதையில் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். இனவெறி பிடித்தவள் என்று பத்து நாள் வசவு வாங்கியதும் அவர்தான். ஜூலை 30 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் ஒபாமா, பைடன், கேட்ஸ், க்ரௌலி நால்வரும் உட்கார்ந்து பீர் குடித்தபோது அவரை யாரும் கூப்பிடவில்லை. கேட்ஸ் பூங்கொத்து அனுப்பினார். யார் எந்த பிராண்டு குடித்தார்கள் என்பது பத்திரிகைகளுக்கு முக்கியமான செய்தியாக இருந்தது.

ஒபாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை 22 அன்று, கேம்பிரிட்ஜ் போலீஸ் முட்டாள்தனமாக நடந்துகொண்டது என்றார். இரண்டே நாளில் வார்த்தையை இன்னும் பார்த்துப் பேசியிருக்கலாம் என்று இறங்கிவந்தார். எட்டு வருட ஆட்சியில் வேறெந்த ஒற்றைச் சம்பவமும் வெள்ளையர்களிடம் தன் செல்வாக்கை இந்த அளவுக்குச் சரித்ததில்லை என்று பிற்பாடு நினைவுக்குறிப்பில் எழுதினார். நாட்டின் ஜனாதிபதிக்கே இவ்வளவுதான் இடம் என்றால், ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு எவ்வளவு?

'நானும் கறுப்புதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அமெரிக்காவில் நீங்கள் அந்தக் கறுப்பு இல்லை. ரூட் 9-ல் ஜன்னல் இறங்கியதும் உங்கள் முகம், பேச்சு, லைசென்ஸில் இருக்கும் நீளப் பெயர் எல்லாம் சேர்ந்து, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆள் என்று அவருக்குச் சொல்லியிருக்கும். உங்கள் 'யெஸ் ஆபீசர்' அதற்குமேல் வைத்த பூ. சான்ட்ரா பிளாண்டை நினைத்துப் பாருங்கள். கறுப்பினப் பெண், 28 வயது. புது வேலைக்காக டெக்ஸஸ் வந்தவர். 2015 ஜூலை 10 அன்று, லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தினார்கள். எரிச்சலாக இருக்கிறீர்கள் போலிருக்கிறதே என்று கேட்டார் போலீஸ்காரர். ஆமாம் என்று காரணத்தைச் சொன்னார் அவர். போலீஸ்காரர் சிகரெட்டை அணைக்கச் சொன்னார். என் காரில் நான் ஏன் அணைக்கவேண்டும் என்றார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் போலீஸ் கார் கேமராவில் இருக்கிறது. கைதாகி மூன்றாம் நாள் லாக்கப்பில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது அரசுத் தரப்பு. அணைக்காத ஒரு சிகரெட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

கேம்பிரிட்ஜ் நகரம் அமைத்த 12 பேர் குழு 2010 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நிலைமையைத் தணிக்க இருவருக்குமே வாய்ப்பு இருந்தது, இருவருக்குமே பொறுப்பு உண்டு என்றது. உங்களுக்குப் பிடிக்கும் முடிவு. எனக்கு உடன்பாடில்லை. இருவருக்கும் கோபம் வந்தது, சரி. ஒருவர் சீனாவிலிருந்து நீண்ட பயணம் முடித்து வந்து, தன் வீட்டுக் கூடத்தில் நின்றவர். இன்னொருவர் இம்மாதிரி நேரத்தில் கோபப்படாமல் இருக்கப் பயிற்சியும் சம்பளமும் வாங்குகிறவர். பங்கைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் எப்படி?

மகன் விஷயம். நீங்கள் செய்ததையே சொல்லிக் கொடுங்கள்: விளக்கைப் போடு, கை ஸ்டியரிங்கில், லைசென்ஸ் எடுக்குமுன் சொல்லிவிட்டு எடு. என்னை நிறுத்தினாலும் நான் அதைத்தான் செய்வேன், வேண்டிய அளவு 'சார்' போடுவேன். கறுப்பின அப்பாக்களும் அம்மாக்களும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்வதும் இதைத்தான். அதை அவர்கள் மரியாதை என்று சொல்லிக் கொடுப்பதில்லை, உயிரோடு வீடு வந்து சேர் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் மகனிடமும் அந்தப் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். உங்கள் மாநிலச் சட்டப்படி போலீஸ்காரர் அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். கேட்ஸ் அன்று திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னது க்ரௌலியின் பெயரையும் பேட்ஜ் எண்ணையும்தான். அவன் கேட்கலாம், உரிமை உண்டு. ஆனால் முதல் வருடம் வேண்டாம். சீட்டு கொடுத்தால் அதிலேயே அவரைப் பற்றிய விவரம் இருக்கும். அவர் போனபிறகு, ஓரமாக நிறுத்தி எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.