இலவசம்தானே, ஏன் வருவதில்லை?

கேள்வி: வளரும் நாடுகள் பலவற்றில் கர்ப்பகாலப் பரிசோதனை இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று தாமதமாக வருகிறார்களே, அறியாமைதானே காரணம்?

பதில்: முப்பது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். "அறியாமை" என்றுதான் ஆரம்பத்தில் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்கிறவர்களுக்கு வசதியான பதில் அது.

கணக்கைப் பாருங்கள். உலக அளவில் 10 கர்ப்பிணிகளில் 8 பேருக்கு மேல் ஒரு தடவையாவது பரிசோதனைக்கு வந்துவிடுகிறார்கள். நான்கு தடவையாவது வருகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உலக சுகாதார நிறுவனமோ 2016இலிருந்து எட்டு தடவை, அதிலும் முதல் தடவை 12 வாரத்துக்குள் என்கிறது. வந்தவர்களில் இத்தனை பேர் ஏன் திரும்பி வரவில்லை?

ஒருத்தி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறாள். இரண்டாவது பிள்ளை, ஐந்தாம் மாதம். அன்றைய கூலியை விட்டுவிட்டு, மூத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு வண்டி மாறி வந்திருந்தாள். நாலு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே வந்தால், சிறுநீர் சோதிக்கும் பட்டை தீர்ந்துபோயிருந்தது. பி.பி. கருவியில் காற்று நிற்கவில்லை. போதாக்குறைக்கு, "இத்தனை நாள் என்னம்மா பண்ணிட்டிருந்தே?" என்று எல்லோர் முன்னாலும் ஒரு அதட்டல். அதட்டியது நான்தான்.

சத்து மாத்திரையைக் கொடுத்து, அடுத்த மாதம் வா என்று அனுப்பினோம். வரவில்லை. ஒன்பதாம் மாதம் முகமெல்லாம் வீங்கி, கண் மங்குகிறது, தலை பிளக்கிறது என்று நடுராத்திரியில் தூக்கிவந்தார்கள். ரத்தக்கொதிப்பு எகிறியிருந்தது. பிழைத்தாள். அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடியவை, அன்று நாங்கள் செய்யாமல் விட்ட அந்த இரண்டு சோதனைகள்தான்.

வேறு தடைகளும் உண்டு. கணவனோ மாமியாரோ விட்டால்தான் வாசல் தாண்ட முடியும் என்ற வீடுகள். கண்பட்டுவிடும் என்று முதல் மூன்று மாதம் கர்ப்பத்தைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பது ஆப்பிரிக்காவிலும் உண்டு, ஆசியாவிலும் உண்டு. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கோ வரிசையில் நிற்பதே தண்டனை.

அந்த ராத்திரிக்குப் பிறகு யார் வந்தாலும், "எத்தனை மாசம்?" என்பதற்கு முன்னால் "மூத்ததை யார்கிட்ட விட்டுட்டு வந்தே, திரும்ப எப்படிப் போவே?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதற்கு அவள் சொல்லும் பதிலைப் பார்த்துதான் அடுத்த தேதியைக் குறிப்பேன்.