கேபின் ஜன்னல்: வாசகர் கேள்விகள்

(சேலத்தில் நெடுங்காலம் சினிமா ஆபரேட்டராக இருந்தவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: 2012-ல் அப்பா ஆசையாக ஒரு 3டி டிவி வாங்கினார். போன மாதம் அதைப் பார்க்கக் கண்ணில் மாட்டும் கண்ணாடி உடைந்துவிட்டது. ஐந்து ரோடு பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். "அந்த டிவியே இப்போது வருவதில்லை" என்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள்? கண்ணாடி இல்லாமல் பார்க்கும் திரை வருமா?
- ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: முதலில் உங்கள் கண்ணாடி. அதில் பேட்டரி இருந்ததா? இல்லையென்றால் கவலை வேண்டாம். இன்று பல தியேட்டர்களில் கொடுக்கும் சாதாரண 3டி கண்ணாடி அந்த வகை டிவிகள் பலவற்றுக்கு ஒத்துவரும். ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி வகை என்றால் அந்த மாடலுக்கு உரியதையே பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியிருக்கும்.

நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு படத்தைப் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தைக் கட்டுகிறது. இதை 1838-லேயே வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பொருத்திய ஒரு கருவியால் காட்டிவிட்டார். அதன்பின் வந்த எல்லா 3டி திரைக்கும் ஒரே வேலைதான்: இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம், ஒன்று மற்றொன்றில் கலக்காமல்.

அந்தக் கலக்காமல் என்பதன் அருமை எனக்குக் கேபினில்தான் புரிந்தது. 1984-ல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது, இந்தியாவின் முதல் 3டி படம். அடுத்த வருடம் தமிழில் 'அன்னை பூமி'. அந்தக் காலத்து 3டி பிலிமில், ஒரு படம் இருக்க வேண்டிய இடத்தில் மேலொன்று கீழொன்றாக இரண்டு இருக்கும். இரட்டை லென்ஸ் அவற்றைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும். லென்ஸுக்கு முன்னால் போலராய்டு தகடு, அதாவது ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடு; இரண்டு படத்துக்கும் வேறு வேறு திசை. ஜனங்களின் கண்ணாடியிலும் அதே தகடு. திரையும் சில்வர் ஸ்கிரீனாக இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைத் திரை ஒளியின் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அலுமினியப் பொடி கலந்த பூச்சுதான்.

ஒருநாள் அறுந்த ரீலை அவசரமாக ஒட்டினேன். பிலிம் ஓரத்து ஓட்டையில் இரண்டு, அதாவது ஒரு ஜோடிப் படத்தில் பாதி, தவறிவிட்டது. அங்கிருந்து இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிப்போனது. கேபினில் கண்ணாடியில்லாமல் பார்த்த எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. கீழே ஜனங்கள் கண்ணைக் கசக்கினார்கள். ஓடிப்போய் ஒரு கண்ணாடியை வாங்கிப் போட்டேன். பின்னால் இருக்க வேண்டிய சுவர் முன்னால் வந்து நின்றது, ஆள் அதற்குள் புதைந்திருந்தார். ஒரு குழந்தை தலைவலி என்று அழுதது. அன்றிலிருந்து 3டி ரீல் ஒட்டினால் இரண்டு முறை எண்ணாமல் ஓட்டியதில்லை.

சரி, டிவிக்கு வருவோம். சாம்சங் 2016-லும், எல்ஜி, சோனி 2017-லும் புது டிவிகளில் 3டியை விட்டுவிட்டன. படங்கள் குறைவு, கண்ணாடி விலை, விருந்தாளி வந்தால் கண்ணாடி போதாது என்று காரணங்கள் உண்டு. என்னைக் கேட்டால் பெரிய காரணம் கண்ணின் களைப்பு. பொருள் அருகே வருவதுபோல் தெரியும்போது இரண்டு விழியும் உள்பக்கம் திரும்புகின்றன. ஆனால் விழி லென்ஸ் திரையின் தூரத்திலேயே குவிந்து நிற்க வேண்டும். நிஜ உலகில் இந்த இரண்டும் சேர்ந்தே நடப்பவை.

கண்ணாடி இல்லாத திரை ஏற்கெனவே வந்தாயிற்று. திருவிழாக் கடையில் ஒரு சாமி படம் விற்பார்களே, இப்படிச் சாய்த்தால் பிள்ளையார், அப்படிச் சாய்த்தால் முருகன்? அதன் மேல் விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டுப்படும். ஒவ்வொரு வரியும் ஒரு சின்ன லென்ஸ். அதே வழியில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் அனுப்பலாம். மெல்லிய தடுப்புக் கோடுகள் வைத்தும் செய்யலாம். அமெரிக்கர் ஐவ்ஸ் 1903-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கினார், 2011-ல் நின்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவியில் அந்த வழிதான் வந்தது. ஒருவர் நேரே உட்கார்ந்து பார்க்க அருமை. வீட்டில் ஐந்து பேர் ஐந்து மூலையில் உட்கார்ந்தால், ஒவ்வொரு திசைக்கும் திரையின் புள்ளிகளைப் பங்குபோட வேண்டும், படம் மங்கும். அதனால்தான் அது இன்னும் வீட்டுக் கூடங்களில் பரவவில்லை.

கேள்வி: என் பாட்டிக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. சேலத்துக்குக் கூட்டிப்போய் 3டி படம் காட்டினேன். கண்ணாடி வேண்டாம் என்று கழற்றிவிட்டார். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. பாட்டிக்கு ஆழமே தெரியாதா?
- கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: தெரியும், கண்ணு. உங்கள் ஊர் லேடீஸ் சீட் மலைமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிப் பார். ஒன்றும் மாறாது. அத்தனை தூரத்தில் இரண்டு கண்ணுக்கும் தெரிவது ஏறக்குறைய ஒரே படம்தான். அப்புறம், பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது பாட்டிக்கு ஜன்னல் ஓரம் கொடு. பக்கத்து மரம் ஓடும், தூரத்து மலை நகராது. அதிலிருந்தே தூரத்தை அவர் கண் அளந்துகொள்ளும்.

அடுத்த முறை தியேட்டரில் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கச் சொல். ஒரு கண்ணுக்கு ஒரு படம்தான் போகும், இரட்டை மறைந்துவிடும். படம் தட்டையாக இருக்கும், ஆனால் தெளிவாகத் தெரியும்.