நடுவட்டத்துச் சீனக் கைதிகள்

உங்கள் பாட்டியின் தாத்தா சீனர் என்று சொன்னால் உறவினர்கள் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். பாட்டிக்கு நீலகிரி மலையிலுள்ள நடுவட்டம்தான் ஊர் என்றால் நம்ப இடமிருக்கிறது. 1860களில் அங்கே மலேரியாவுக்கான கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரத் தோட்டம் போட்டார்கள். மலாயாப் பக்கமிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை அந்த வேலைக்குக் கொண்டுவந்தார்கள். நடுவட்டத்தில் அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அவசியம் போய்ப் பாருங்கள்.

விடுதலையான சிலர் நாடு திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களோடு குடும்பமாகி, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, பால் விற்று, நேர்மையாகப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பில் இவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தை உறவினர்களிடம் காட்டுங்கள். அப்புறம், வீட்டில் பழைய நிலப் பத்திரம் இருந்தால் பெயர்களைப் பாருங்கள். பாட்டி சொல்வதை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.