‘இம்மாதம் பிடித்தவை’ பக்கத்தில் மதிப்பெண் ஏன் இல்லை?

கேள்வி: ‘இம்மாதம் எனக்குப் பிடித்தவை’ என்ற தலைப்பில் சென்ற இதழில் ஒரு படம், ஒரு தொலைக்காட்சித் தொடர், ஓர் இசை ஆல்பம் என மூன்றை மட்டுமே எழுதியிருந்தீர்கள். படம் 1960-இல் வந்தது, தொடர் 2002-இல் தொடங்கியது, ஆல்பம் 1959-ஆம் ஆண்டினுடையது. எல்லோரும் பேசுகிற புதிய தொடரும் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட புதிய ஆல்பமும் உங்கள் கண்ணில் படவில்லையா? மதிப்பெண்ணும் தருவதில்லை. ஓர் ஆசிரியரின் சொந்த விருப்பத்தைத் தெரிந்துகொள்வதால் வாசகருக்கு என்ன பயன்?

பதில்: சொந்த விருப்பம் என்று நீங்கள் ஒதுக்கிவைப்பதைத் தவிர அந்தப் பக்கத்தில் நேர்மையாகத் தருவதற்கு என்னிடம் வேறொன்றும் இல்லை. ‘இம்மாதத்தின் சிறந்தவை’ என்று நான் தலைப்பிட்டிருந்தால் உங்கள் கோபம் நியாயமாக இருந்திருக்கும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அந்த மாதம் வெளிவந்த அனைத்தையும் பார்த்தும் கேட்டும் முடித்திருக்க வேண்டும். அது எந்தத் தனிமனிதராலும் ஆகாத காரியம். ‘பிடித்தவை’ என்ற சொல்லை நான் தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். முப்பது நாட்களில் நான் பார்த்தவற்றுள்ளும் கேட்டவற்றுள்ளும் எது மனத்தைவிட்டு அகலவில்லை என்பதற்கு அந்தப் பக்கம் ஒரு சாட்சியம். சாட்சி சொல்பவர் தாம் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும்.

தனிப்பட்ட விருப்பத்துக்கு மதிப்பில்லை என்று நினைக்கிறவர்கள், பிரிட்டனில் வெளியாகும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் வாக்கெடுப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உலகத் திரைப்படங்களைப் பற்றிய பட்டியல்களில் அதற்கு உள்ள மரியாதை வேறெதற்கும் இல்லை. 2022-இல் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் அதில் வாக்களித்தார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முக்கியம் என்று படுகிற பத்துப் படங்களை எழுதித் தருகிறார். அந்தப் பத்துக்குள் முதலாவது, இரண்டாவது என்ற வரிசை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. அதாவது, அந்தப் பெரும் பட்டியலே நீங்கள் பயனற்றது என்று கருதும் சொந்தப் பட்டியல்களின் கூட்டுத்தொகைதான். அந்தக் கூட்டுத்தொகையும் நிலையாக நின்றதில்லை. 1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ 1952-இல் முதல் பத்துக்குள் வரவே இல்லை. அடுத்து 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் அதற்கே முதலிடம். 2012-இல் ‘வெர்டிகோ’ அதைக் கீழே இறக்கியது. அந்த 2012 பட்டியலில் முதல் முப்பது இடங்களுக்குள்கூட இல்லாதிருந்த, 1975-இல் வெளிவந்த ‘ழான் டீல்மான்’ 2022-இல் முதலிடத்துக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்தப் படங்களில் ஒரு காட்சிகூட மாறவில்லை. பார்த்த கண்கள் மாறின, பார்க்க அழைக்கப்பட்டவர்களும் மாறினார்கள். ஆகவே, என் பக்கத்தின் தலையில் மாதத்தின் பெயரை நான் அச்சிடுவது அலங்காரத்துக்காக அல்ல; அது தேதியிட்ட கருத்து.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். திரை விமர்சனங்களைத் தொகுக்கும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் ஒரு படத்துக்கு 90 சதவீதம் என்று கண்டால் அது நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய படம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில், விமர்சனம் எழுதிய நூறு பேரில் தொண்ணூறு பேர் அந்தப் படத்தைப் பற்றிச் சாதகமாக எழுதினார்கள் என்பதுதான் அதன் பொருள். அந்தத் தொண்ணூறு பேரும் ‘பரவாயில்லை’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டிருந்தாலும் அதே எண்தான் வரும். யாரையும் உலுக்காத, யாரையும் எரிச்சலூட்டாத படம் அங்கே மேலே போய்விடும். எண்ணைப் பார்த்த கண் அதன் கீழே உள்ள வாக்கியங்களைப் படிப்பதில்லை என்பதும் என் அனுபவம். என் வாக்கியங்களை நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இனி அந்த மூன்றுக்கு வருகிறேன். வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ படத்தில், நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்த குடும்பத்தைத் தன் சம்பாத்தியத்தால் தாங்குகிற நீதாவின் செருப்பு வார் படத்தின் தொடக்கத்திலேயே நடுத்தெருவில் அறுந்துவிடும். அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் நடந்து போவாள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று வாங்கித் தருகிறவளின் காலில் கிடப்பது அந்தச் செருப்புதான். படத்தின் முடிவில், அதே குடியிருப்பில், வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. நீதாவின் அண்ணன் அதைப் பார்த்தபடி நிற்கிறான். முன்பு பார்த்தபோது எனக்கு அந்தப் படத்தின் கதை மட்டுமே நினைவில் நின்றது. சென்ற மாதம் மீண்டும் பார்த்தபோது அந்த இரண்டு வார்களையும் சேர்த்துப் பார்த்தேன். நீதா மாடிப்படி இறங்கும்போது ஒலிக்கிற அந்தச் சவுக்கடி ஓசை பல நாள் காதைவிட்டுப் போகவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய படம் என்பது உண்மை. அது என்னைத் தொட்டது சென்ற மாதத்தில்.

‘தி வயர்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002 முதல் 2008 வரை 60 பகுதிகளாக ஒளிபரப்பான அந்தத் தொடருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முதல் பருவத்தில், சதுரங்கக் காய்களை வைத்து வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பையன்களுக்கு, போதைமருந்து விற்கும் இளைஞன் ஒருவன் சதுரங்கம் சொல்லித்தருகிறான். ராஜா யார், சிப்பாய்கள் யார் என்பதைத் தங்கள் தொழிலை வைத்தே விளக்குகிறான். சிப்பாய்களுக்கு நேர்வது என்ன என்று அவன் சொல்லும்போது அந்தப் பையன்களின் முகங்களைப் பாருங்கள்.

கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது என்பதை ஒரு வாதமாக வைத்தீர்கள். இணையத்தில் பாடல் கேட்கும் ‘ஸ்பாட்டிஃபை’ செயலியில் ஒரு பாடலை முப்பது நொடி ஓடவிட்டாலே அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தை அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். அதன் முதல் இசைக்கோவையில் முதல் அரை நிமிடம் பியானோவும் ‘டபுள் பேஸ்’ என்ற பெரிய தந்தி வாத்தியமும் தாளக்கட்டில்லாமல் எதையோ தேடுவதுபோல் மெல்ல நகரும். அதன் பிறகே பேஸ் ஒரு கேள்வியை எழுப்ப, மற்ற வாத்தியங்கள் இரண்டே தட்டில் பதில் சொல்லத் தொடங்கும். ஒன்றரை நிமிடம் கடந்த பின்னர்தான், சிம்பலில் விழுகிற ஓர் அடியோடு, டிரம்பெட் தனியே எழும். முப்பதாவது நொடியில் விலகிப் போகிறவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. ஆல்பங்களை நான் பட்டியலிடும் முன் முதலிலிருந்து கடைசிவரை, அதற்குரிய வரிசையில், மூன்று முறையாவது கேட்பது இதனால்தான். நான்கு மாதங்களுக்கு முன்பு இந்த விதியை மீறி, ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு ஓர் ஆல்பத்தைப் பாராட்டி எழுதினேன். மறுபடி கேட்டபோது முதல் இரண்டு பாடல்களைத் தவிர எதுவும் நிற்கவில்லை. அந்தப் பாராட்டை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதியவற்றின்மேல் எனக்குப் பகை ஏதும் இல்லை. எல்லோரும் பேசுவதாக நீங்கள் குறிப்பிட்ட தொடரின் பத்துப் பகுதிகளில் ஆறைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மீதி நான்கையும் பார்த்து முடிக்காமல் அதன் பெயரை அந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன்.