எக்ஸ்ரே வேலைக்குப் பெண் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. ரேடியாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். "கதிர் பட்டால் பிள்ளை உண்டாகாது, புற்றுநோய் வரும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? அந்த வேலை தினமும் எப்படி இருக்கும்? (தக்கலையிலிருந்து ஒரு தாய்)

பதில்: தைரியமாகப் படிக்க வையுங்கள் அம்மா. நாகர்கோவில் பக்கம் 22 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் நான் வேலையில் இருக்கும்போது பிறந்தவர்கள்தான்.

எக்ஸ்ரே என்பது பட்டனை அழுத்துகிற அந்தக் கண நேரத்துக்கு மட்டும் வருவது. கையை எடுத்ததும் நின்றுவிடும். அறையில் தங்காது, சேலையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது. எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ரா சவுண்டிலும் இந்தக் கதிரே கிடையாது. நம் மணவாளக்குறிச்சி கடற்கரையின் கறுப்பு மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது. அங்கே இயற்கைக் கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிட அதிகம். ஆக, கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுவதைவிட, எவ்வளவு படுகிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

அதை அளக்கத்தான் டி.எல்.டி. பேட்ஜ், உடம்பில் படும் கதிரைப் பதிவு செய்யும் சின்ன அட்டை. லெட் ஏப்ரன் என்கிற, கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கிக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால், எவ்வளவு பட்டது என்று ரிப்போர்ட் வரும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஒழுங்காக, கதிர் படாத கன்ட்ரோல் அறைக்குள் நின்று எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு இதில் ஒரு சிறு பங்குதான் வரும். பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் அளவோ இதைவிடப் பல மடங்கு மேலே. கர்ப்பம் என்று தெரிந்ததும் உடனே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, அதற்கேற்ப டூட்டியை மாற்றித் தருவார்கள்.

இனி வேலை. காலையில் நெஞ்சு எக்ஸ்ரே வரிசையில் ஒரு பாட்டி வருவார். தாலியைக் கழற்றச் சொன்னால் கண் கலங்கிவிடும். "கழற்ற வேண்டாம் அம்மச்சி, செயினை வாயில் கவ்விக்கிடுங்க" என்பேன். அவ்வளவுதான், நுரையீரல் மேல் நிழல் விழாது. சடையையும் தூக்கிக் கொண்டை போட்டுவிட வேண்டும், அதுவும் படத்தில் தெரியும். பிறகு "மூச்சை இழுத்துப் பிடிங்க". விளவங்கோடு பக்கத்து ஆட்களிடம் அதையே மலையாளம் கலந்து "சுவாசம் வலிச்சு பிடிச்சோ". இரவில் மார்த்தாண்டத்து பைக் விபத்துகள், பகலில் தென்னையிலிருந்து விழுந்தவர்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து அவர்களை மேசைக்கு மாற்றுவதில் இடுப்பு விட்டுப்போகும். என்னைக் கேட்டால், இந்த வேலையில் உடம்பை வாட்டுவது கதிரைவிடத் தூக்கிச் சுமப்பதும் நைட் டூட்டியும்தான். மகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. இந்தப் படிப்பு முடித்தால் படம் எடுக்கிற டெக்னாலஜிஸ்ட். ரிப்போர்ட் எழுதுகிற ரேடியாலஜிஸ்ட், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படித்த டாக்டர். சொந்தக்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், நீங்கள் குழம்ப வேண்டாம்.

நான் முதலில் சேர்ந்த ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் பேட்ஜே தரவில்லை. குழந்தைகள் அசைந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று நானே பிடித்தேன், பல நாள். அது தவறு. பிடிக்க வேண்டியது, கர்ப்பமில்லாத உறவினர் ஒருவர், லெட் ஏப்ரன் போட்டுக்கொண்டு. அன்றாடம் அங்கேயே நிற்கும் ஊழியர் பிடிக்கக் கூடாது. இருபது வயதில் எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. அந்த மாதங்களில் எனக்கு எவ்வளவு பட்டது என்பதற்கு இன்றுவரை கணக்கில்லை. அந்த வருத்தம் போகவே இல்லை.

அதனால் மகள் படித்து முடித்து இன்டர்வியூவுக்குப் போகும்போது, சம்பளம் கேட்பதற்கு முன் பேட்ஜைக் கேட்கச் சொல்லுங்கள். "இப்போ சேருங்க, பேட்ஜ் பிறகு வரும்" என்றால், வந்த பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லட்டும்.