நூலகர் பதில்கள்

கேள்வி: ஐயா, காப்பித் தோட்டங்கள் பற்றி ஒரு பழைய தமிழ் நூல் வேண்டும். எங்கள் கிளை நூலகத்தில் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வரணுமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: அவசரப்பட்டு இறங்காதீங்கம்மா. உங்கள் கிளையும் சேலம் மைய நூலகமும் ஒரே மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ்தான். நூலின் பெயரை எழுதி, வரவழைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் வேலையில் இருந்தபோது மஞ்சள் பையில் போட்டு மலைப் பேருந்து நடத்துநரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். (விதியில் அது இல்லை!) 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், கேட்கக் கூச்சம் எதற்கு? ரொம்பப் பழைய நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள், காசில்லை. அங்கும் இல்லையென்றால் சென்னை கன்னிமாரா நூலகம்தான். அதற்கு மட்டும் மலை இறங்கியாகணும்.