சோலார் போடும் முன் மீட்டரைப் பிரியுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் திருச்சியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மொத்த வீட்டுக்கும் ஒரே ஈ.பி. சர்வீஸ். குடித்தனக்காரர்களுக்குச் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறோம். இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 1,100 யூனிட் ஓடுகிறது, பில் 8,000 ரூபாயைத் தொடுகிறது. அதில் மாடி வீடுகள் ஆளுக்குச் சுமார் 200 யூனிட். இப்போது 3.5 லட்சம் ரூபாய் எஃப்.டி. முதிர்கிறது. ஒரு சோலார் நிறுவனத்தார் 5 கிலோவாட் போட்டால் பில்லே வராது, 3.3 லட்சம் ஆகும், மானியம் 78,000 திரும்ப வரும் என்கிறார்கள். பேட்டரி வேண்டுமானால் தனிக் காசாம். "பூமி சூடாகிறது, கட்டாயம் போடும்மா" என்கிறாள் மகள். "தமிழ்நாட்டில்தான் காற்றாலை வேண்டிய மட்டும் இருக்கிறதே, ஒரு வீட்டால் என்ன ஆகப் போகிறது, பேசாமல் பணத்தை மறுபடி எஃப்.டி.யில் போடு" என்கிறார் தம்பி. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சோலார் போடுங்கள். ஆனால் 5 கிலோவாட் வேண்டாம், 2 போதும். அதற்கும் முன்பாக உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் சோலார் பலகையும் வேண்டாம், மானியமும் வேண்டாம். மாடியில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கும் தனித்தனி மின் இணைப்பு வாங்கிக் கொடுங்கள்.

காரணம் உங்கள் பில்லிலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் மாறிய கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 2025 ஜூலை உயர்வை வீடுகளைப் பொறுத்தவரை அரசே ஏற்றுக்கொண்டது. உங்கள் கடைசி பில்லில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ஒரு சர்வீஸில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முதல் 100 இலவசம், 400 வரை யூனிட் 4.70, அடுத்த நூறு 6.30, அதற்கடுத்த நூறு 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. உங்கள் 1,100 யூனிட்டுக்கு 8,025 ரூபாய் வருவது இப்படித்தான். குடித்தனக்காரர்களிடம் 4,000 வசூலிக்கிறீர்கள், உங்கள் கையிலிருந்து போவது 4,025. மூன்று குடும்பத்தின் கரண்டும் ஒரே மீட்டரில் ஓடுவதால்தான் கடைசி யூனிட்டுகள் 10, 11 ரூபாய்க்குப் போய்விடுகின்றன. நீங்கள் 10 ரூபாய் வாங்குவதில் பேராசை எதுவும் இல்லை. உங்களுக்கே அந்த விலையில்தான் வருகிறது.

மீட்டரைப் பிரித்தால் என்ன ஆகும்? 200 யூனிட் மட்டும் ஓடும் வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த நூறு யூனிட் 2.35 ரூபாய். மொத்தம் 235 ரூபாய். இன்று அவர்கள் ஒவ்வொருவரும் உங்களிடம் கட்டுவது 2,000. உங்கள் பங்கு 700 யூனிட்டுக்குத் தனியாக 3,825 வரும். உங்களுக்கு 200 ரூபாய் மிச்சம், அவர்களுக்கு ஆளுக்கு 1,765 ரூபாய் மிச்சம். மூன்று வீட்டையும் சேர்த்தால் 8,025 கட்டிய இடத்தில் 4,295 போதும். வருடத்துக்கு 22,000 ரூபாய்க்கு மேல்.

2016 மே மாதம் தொடங்கிய 100 யூனிட் இலவசம் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் உண்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது இணைப்புக்குத்தான் கிடைக்கிறது, குடும்பத்துக்கு அல்ல. சப்-மீட்டரில் இருக்கும் வாடகைக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை வந்து சேர்வதே இல்லை. ஃபேன், நான்கு விளக்கு, ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ் என்று மிகக் குறைவாக மின்சாரம் செலவழிப்பவர்கள், இரண்டு ஏசி வைத்திருப்பவர் விலையில் அதை வாங்குகிறார்கள். எனக்கு வரும் கடிதங்களில் இந்தச் செய்தி அடிக்கடி இருக்கிறது, எழுதுபவர்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்கள். குடித்தனக்காரர் யாரும் இதைக் கேட்டு எழுதுவதில்லை.

இணைப்பு வாங்கத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்க வேண்டும். உங்கள் மாடி போர்ஷன்களில் அது இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டு வரி ரசீதில் அந்தக் குடியிருப்புகள் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதைச் சரிசெய்ய வேண்டி வரலாம். வயரிங்கைப் பிரிக்க எலக்ட்ரீஷியன் கூலி, மின்வாரியக் கட்டணம், டெபாசிட் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை ஆகும். அதில் பாதியைக் குடித்தனக்காரர்கள் சந்தோஷமாகப் பகிர்ந்துகொள்வார்கள், கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் உங்கள் இணைப்பிலேயே இருக்கட்டும். அதற்கு மாதம் ஒரு சிறு தொகை பேசிக்கொள்ளலாம்.

இப்போது சோலாருக்கு வருகிறேன். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். உங்கள் 700-இல் அதைக் கழித்தால் பில்லுக்கு வருவது 220 யூனிட், கட்ட வேண்டியது 329 ரூபாய். 3,825 இருந்த இடத்தில் 329. வருடத்துக்கு ஏறக்குறைய 21,000 ரூபாய் மிச்சம். உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு, மின்வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்காக நெட்வொர்க் கட்டணம் என்று சிறிதளவு பிடிப்பார்கள், அதைக் கழித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

செலவு எவ்வளவு? வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 மானியம். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். 2 கிலோவாட் 1,35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60,000 மானியம் போக உங்கள் பணம் 75,000. நாலு வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். பலகைகள் 25 வருடம் உழைக்கக்கூடியவை. நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரும்.

மூன்றாவது கிலோவாட்டைப் பாருங்கள். அது மிச்சப்படுத்துவது மீதமிருக்கும் அந்த 329 ரூபாயை மட்டும்தான். வருடம் முழுவதற்கும் 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. அதற்கு மானியம் போக 37,000 ரூபாய் போலச் செலவாகும். முதல் திரும்ப 19 வருடம். நான்காவதும் ஐந்தாவதும் இதைவிட மோசம், அவற்றுக்கு மானியமே இல்லை. மிஞ்சும் யூனிட்டுக்கு மின்வாரியம் தரும் விலை, நீங்கள் மேல் ஸ்லாபில், அதாவது உயர்ந்த கட்டணப் படியில், கொடுக்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், முதலில் போடும் பலகை 9 ரூபாய் யூனிட்டை வெட்டுகிறது, கடைசியாகப் போடும் பலகை 2 ரூபாய் யூனிட்டை வெட்டுகிறது. "ஜீரோ பில்" என்று சொல்லி விற்பவர்கள் எல்லாப் பலகைக்கும் ஒரே மதிப்பு இருப்பதுபோல் காட்டுகிறார்கள்.

அந்த நிறுவனத்தார் சொன்ன 5 கிலோவாட் கணக்கில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போதுபோல ஒரே மீட்டரில் அதைப் போட்டால் 8,025 ரூபாய் பில் கிட்டத்தட்ட இல்லாமலாகும், குடித்தனக்காரர் தரும் 4,000 உங்களுக்கே நிற்கும். மானியம் போக 2,52,000 போட்டு ஐந்து வருடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் 2 கிலோவாட் வழியில் அதே ரூபாய் நாலு வருடத்துக்குள் திரும்புகிறது. போடும் முதலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓய்வு பெறும் நேரத்தில் கைப்பணம் பெரிது. அதைவிட முக்கியமாக, 5 கிலோவாட் வழியில் வருடம் 24,000 ரூபாய், அரசு தரும் இலவச யூனிட் கிடைக்காத இரண்டு குடும்பங்களிடமிருந்து வருகிறது. வெயில் இலவசமாகக் கொடுத்ததை அவர்களுக்கு 10 ரூபாய்க்கு விற்பதாகும். அதைச் செய்ய நான் உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன்.

அந்த 329 ரூபாயையும் ஒழிக்க வேண்டுமானால் வழி ஃபேனில் இருக்கிறது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனை மாற்றினால் 130 யூனிட். 700 யூனிட் 570 ஆகும், அதில் சோலாரின் 480 போனால் 90. நூறுக்குள் வந்துவிட்டதால் யூனிட் கட்டணமே இல்லை. 37,000 ரூபாய்ப் பலகை செய்வதை 12,000 ரூபாய் ஃபேன்கள் செய்துவிடும்.

எஃப்.டி.யோடு ஒப்பிடச் சொன்ன தம்பிக்கும் பதில் சொல்கிறேன். 75,000 ரூபாய்க்கு வங்கி வருடம் 5,000 சொச்சம் வட்டி தரும், அது வருமான வரிக் கணக்கிலும் வரும். சோலாரில் போட்ட முதல் திரும்பிக் கையில் வராது, ஆகவே வருடம் 3,000 ரூபாயைத் தேய்மானமாகக் கழித்துவிடுங்கள். கழித்த பிறகும் நிற்பது 18,000 ரூபாய். ஃபேனையும் மாற்றிவிட்டால் சோலாரின் பங்கு கொஞ்சம் குறையும், அப்போதும் 12,000க்குக் கீழே போகாது. கட்டாத பில்லுக்கு வருமான வரி கிடையாது.

காற்றாலையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்று நன்றாக வீசும், மற்ற மாதங்களில் குறைந்துவிடும். 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட நாட்களில் வட சென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் நிலையங்களும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இல்லாமல் நம் ஏசிகள் ஓடாது. இந்தியாவில் மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. உங்கள் 2 கிலோவாட் வருடம் 2,880 யூனிட் தந்தால் இரண்டு டன் குறையும். ஓர் இந்தியர் வருடம் முழுவதும் சராசரியாக வெளியிடுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வீட்டால் என்ன ஆகும் என்றால், ஒரு ஆளின் பங்கு ஆகும்.

நிலக்கரிச் சாம்பலுக்கு ஒரு முகவரி உண்டு. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் அனல் நிலையச் சாம்பல் கலந்து, அதில் இறால் பிடித்துப் பிழைத்த மீனவர்கள் பல வருடமாகப் போராடுகிறார்கள். கரண்ட்டை அதிகம் செலவழிப்பது ஓர் இடம், அதன் கரியைச் சுமப்பது வேறோர் இடம். உங்கள் மகள் கவலைப்படுவது வெறும் படித்த பேச்சல்ல.

அவளுக்கு இதையும் சொல்லுங்கள்: பூமிக்காக மட்டும் பார்த்தால் 5 கிலோவாட் இன்னும் அதிகம் குறைக்கும்தான். ஆகவே கூரையில் இடம் விட்டு வையுங்கள். அவள் சம்பாதித்து ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ கூடும்போது பலகையும் கூட்டலாம். இப்போது பலகைகளை மாடி வீடுகளின் நேர் மேலே, கொஞ்சம் உயரத் தூக்கி அமைக்கச் சொல்லுங்கள். வெயில் தளத்தில் நேராக விழாததால் கீழே இருக்கும் அறையில் சூடு குறையும். ஏசி இல்லாமல் மே மாதத்தைக் கழிக்கும் அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கு 75,021 கோடி ரூபாய் சூர்ய கர் திட்டத்தில் நேராகக் கிடைப்பது மிகக் குறைவு. எங்கோ ஓரிடத்தில் பொதுவாகப் பலகை போட்டு, அதன் யூனிட்டைப் பல வீட்டு பில்களில் கழிக்கும் முறைக்கு டெல்லி மாநகரின் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே விதி வகுத்தது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு அது போன்ற ஏற்பாடு பெரிய அளவில் வர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அது வரும்வரை உங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

வாங்கும்போது சில விஷயங்கள். பேட்டரி வேண்டாம், திருச்சியில் நகருக்குள் அவ்வளவு மின்வெட்டு இல்லை. ஆனால் பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், பிறகு ஏமாந்துவிட்டதாகத் தோன்றும். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே போதும். மானியம் வேண்டுமானால் பலகை இந்தியாவில் செய்த செல்லைக் கொண்டதாக இருக்க வேண்டும், டி.சி.ஆர். என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். மத்திய அரசின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள மூன்று பேரிடம் விலை கேளுங்கள். 2025 செப்டம்பரில் சோலார் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அது விலையில் தெரிகிறதா பாருங்கள். மானியம் பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் முழுத் தொகையும் நீங்களே கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், பக்கத்துக் கட்டடம் எதன் நிழலாவது விழுகிறதா என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியேறி நீங்களே பாருங்கள்.

3.5 லட்சத்தில் இவ்வளவும் போக, மானியம் வந்த பிறகு இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் நிற்கும். அதில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தொடாமல் வங்கியில் வையுங்கள். மீதியை ஓய்வு பெற்றதும் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். சோலார் மானியத் திட்டத்தின் காலம் 2026-27 நிதியாண்டு வரைதான். மீட்டர் பிரிக்கவும் நாளாகும் என்பதால், மாடி வீடுகளின் இணைப்புக்கான விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள், அந்த ரீடிங் ஒருமுறை வந்தபின் சோலார் அளவை முடிவு செய்யுங்கள்.